அரை மணி நேரம் போதாது

பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் எங்களிடம் நாள்தோறும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "உள்ள போயி பிள்ளையப் பாத்துட்டு வரட்டுமா, டாக்டர்?" கேட்பவர் பெரும்பாலும் அந்தப் பிள்ளையைப் பெற்ற தாய். அறுவை செய்த வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கதவருகே நின்று அனுமதி கேட்கிறார். தாம் சுமந்த குழந்தையைப் பார்ப்பதற்குத் தாம் அனுமதி பெற வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? மருத்துவர்களாகிய நாங்கள்தாம். பார்வையாளர் நேரம் இன்னின்னது என்று பலகை எழுதி மாட்டி, அந்தப் பலகையின் முன் தாயையும் மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தியது எங்கள் தொழிலின் பழைய பழக்கம்.

அந்தப் பழக்கம் தவறு என்பதே இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது. மாதம் நிரம்பாமல் பிறந்த குழந்தையைத் தாயின் மார்பில் தோலோடு தோலாகச் சேர்த்து வைத்திருப்பதைப் பலரும் மன ஆறுதலுக்காகச் செய்யும் ஒன்றாக எண்ணுகிறார்கள். அது ஒரு சிகிச்சை. எந்தச் சிகிச்சைக்கும் ஓர் அளவு உண்டு. மருந்தை மில்லிகிராமில் அளக்கிறோம், இதை மணிக்கணக்கில் அளக்கிறோம். நாளொன்றுக்கு அரை மணி நேரம் தாயை உள்ளே விட்டுவிட்டுச் சிகிச்சை கொடுத்ததாகச் சொல்லிக்கொள்வது, மாத்திரையை நாக்கில் தொட்டுவிட்டுக் காய்ச்சல் தணியவில்லையே என்று கவலைப்படுவதற்கு ஒப்பாகும்.

கருவுற்று 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன என்றும், அவற்றுள் 30 லட்சம் அளவிலானவை இந்தியாவில் பிறந்தன என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. வேறெந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஆனால் உடன்குடிப் பக்கமிருந்தோ சாத்தான்குளம் பக்கமிருந்தோ வந்த ஒரு பெண்ணுக்கு, இரத்த அழுத்தம் ஏறியதால் 32 வாரத்திலேயே 1,400 கிராம் எடையில் ஒரு குழந்தை பிறந்திருக்கும்போது, அந்தக் குடும்பத்துக்கு இந்த லட்சக் கணக்கினால் ஆவது ஒன்றுமில்லை. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பிள்ளை பிழைக்குமா? கூடவே, ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று யாராவது ஒரு மூதாட்டி சொல்லிவைத்திருப்பார். அது உண்மையன்று. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு இலாபமே. எட்டில் பிறந்தது ஏழில் பிறந்ததைவிட வலுவாகவே இருக்கும்.

அத்தகைய குழந்தையின் முதல் எதிரி குளிர். தேரி மணலில் கால் வைக்க முடியாத சித்திரை, வைகாசியில் குளிர் எங்கிருந்து வந்தது என்று எங்களைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. கருப்பைக்குள் இருக்கும் வெப்பம் 37 டிகிரி செல்சியசுக்கும் சற்று மேல். நமக்கு வியர்க்கும் 28 டிகிரி அறைக்கு வந்து சேரும் குழந்தை, ஒரே நொடியில் ஒன்பது டிகிரி இறங்குகிறது. அதுவும் நனைந்த உடம்போடு. அதன் தோல் மிக மெல்லியது. எடையோடு ஒப்பிட்டால் அதன் உடற்பரப்பு நம்முடையதைவிடப் பன்மடங்கு அதிகம். எனவே வெப்பம் விரைவாக வெளியேறிவிடும். உடலுக்குள் வெப்பம் உண்டாக்கும் சிறப்புக் கொழுப்பு, கருவின் கடைசி மாதங்களில் சேர்வது. இக்குழந்தை அதற்குள் வெளியே வந்துவிட்டது. நம்மைப் போல் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால், இருக்கும் சிறிது சர்க்கரையையும் ஆக்சிஜனையும் சூட்டுக்காகவே செலவழித்துவிடும். எடை ஏறாது, மூச்சு இடையிடையே நிற்கும், கிருமித் தொற்றை எதிர்க்கும் வலு குறையும். பாதத்தைத் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்தால் நாங்கள் ஏன் அவ்வளவு பதறுகிறோம் என்பது இப்போது விளங்கும்.

தாயின் மார்பு இந்தக் குளிருக்கு மருந்து. குழந்தையின் உடம்பு குளிர்ந்தால் தாயின் மார்புத் தோல் வெப்பம் கூடுகிறது. அவருடைய மூச்சின் ஏற்ற இறக்கம் குழந்தையின் மூச்சைத் தூண்டிக்கொண்டே இருக்கிறது. மூச்சு மறக்கும் குழந்தைக்கு இது பேருதவி. தோலும் தோலும் சேர்ந்திருக்கையில் தாய்க்குப் பால் சுரக்கும் ஹார்மோன்கள் பெருகுகின்றன. மருத்துவமனையின் முரட்டுக் கிருமிகள் குழந்தையின் தோலில் குடியேறுமுன், தாயின் உடம்பிலுள்ள சாதுவான நுண்ணுயிரிகள் அங்கே இடம்பிடித்துக்கொள்கின்றன. இத்தனையையும் ஒருங்கே செய்யும் இயந்திரம் எதையும் எந்த நிறுவனமும் இன்னும் விற்கவில்லை.

இம்முறைக்குக் கங்காரு தாய் பராமரிப்பு என்று பெயர். பெயரைக் கேட்டதும் எங்கள் வார்டில் எப்போதும் ஒரு சிரிப்பு எழும். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் விலங்கின் பெயர் இதற்கு வந்தது தென் அமெரிக்காவில். 1978-ஆம் ஆண்டு, கொலம்பியா நாட்டின் தலைநகரான பொகோட்டாவில், ஏழைத் தாய்மாருக்கான ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற குழந்தை மருத்துவர் பணியாற்றினார். ஒரே இன்குபேட்டரில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கிடத்த வேண்டிய நெருக்கடி. ஒரு குழந்தையின் தொற்று அடுத்ததற்குப் பரவியது. வாரக்கணக்கில் பிரிந்திருந்த தாய்மாரில் சிலர் குழந்தையை விட்டுவிட்டே போய்விட்டார்கள். வேறு வழியின்றி அவர் குழந்தைகளைத் தாய்மாரின் மார்பிலேயே கட்டிவைக்கத் தொடங்கினார். மறு ஆண்டு அவருடன் இணைந்த ஹெக்டர் மார்டினெஸ் இப்பணியை முன்னெடுத்துச் சென்றார்.

இம்முறை வறுமையில் பிறந்தது. அதுவே பின்னர் அதற்கு ஒரு குறையாகவும் ஆயிற்று. இன்குபேட்டர் வாங்க வசதியில்லாத ஊர்களுக்கான மாற்று ஏற்பாடு இது என்ற எண்ணம் மருத்துவ உலகில் நெடுநாள் நிலைத்துவிட்டது. நாங்கள் பட்டமேற்படிப்புப் படித்த காலத்திலும் பாடம் அப்படித்தான் இருந்தது: முதலில் இயந்திரம், குழந்தையின் நிலை சீரான பிறகு தாய். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரையும் அந்த வரிசையிலேயே அமைந்திருந்தது.

அந்த வரிசையைத் தலைகீழாக்கிய ஆய்வில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள் அதில் சேர்ந்தன. இந்தியாவிலிருந்து சேர்ந்தது புதுதில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை. 1,000 கிராம் முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் பிறந்த சிறிது நேரத்திலேயே, நிலை சீராகும் வரை காத்திராமல், தாயின் அல்லது உறவினர் ஒருவரின் மார்பில் வைக்கப்பட்டனர். மறு பிரிவினருக்கு வழக்கமான முறை: முதலில் வார்மர், இன்குபேட்டர், நிலை சீரான பின் தாய். இவ்விரண்டாம் பிரிவினருக்கும் இறுதியில் தாயின் மார்பு கிடைத்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எப்போது, எவ்வளவு நேரம் என்பதில்தான் வேறுபாடு. முதற்பிரிவில் பிறந்த ஒன்றேகால் மணி நேரத்தையொட்டித் தொடங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த காலத்தில் நாளுக்கு ஏறத்தாழ 17 மணி நேரம். மற்றதில் இரண்டு நாள் கடந்து தொடங்கி, நாளுக்கு ஒன்றரை மணி நேரம்.

28 நாட்களுக்குள் முதற்பிரிவில் நூற்றுக்கு 12 குழந்தைகள் இறந்தன. மற்றதில் நூற்றுக்கு 15.7. இறப்பு கால் பங்கு குறைந்திருந்தது. வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், இதற்கு மேலும் ஒரு பிரிவுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து தள்ளி வைப்பது முறையாகாது என்று ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். முடிவுகள் 2021 மே மாதம் வெளிவந்தன. 27 குழந்தைகளை இவ்வாறு உடனே மார்பில் வைத்தால் ஓர் உயிர் கூடுதலாகக் காக்கப்படும் என்பது அவர்களின் கணக்கு. திருச்செந்தூர்ப் பேருந்தில் இருக்கைகளில் அமர்ந்து வருவோரைவிடக் குறைந்த எண்ணிக்கை அது. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது: பிறந்தவுடன் இயன்ற விரைவில் தொடங்க வேண்டும், நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை தொடர வேண்டும்.

இந்த எண்களைப் படித்த இரவில் எங்கள் நினைவுக்கு வந்தது ஒரு முகம். பயிற்சிக் காலத்தில், வேறொரு நகரில், பெரிய மருத்துவமனை ஒன்றில் நாங்கள் பார்த்த குழந்தை அது. எடை 1,200 கிராம். பத்தொன்பது நாட்கள் இன்குபேட்டரில் இருந்தது. அதன் தாய் ஒவ்வொரு நாளும் மாலையில் வருவார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார். பிழிந்து கொண்டுவந்த பாலைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டுப் போவார். ஒருமுறை, தொடலாமா என்று கேட்டார். தொற்று வந்துவிடும் அம்மா என்று நாங்களே மறுத்தோம். தொற்று வந்தது, எங்கள் கைகள் வழியாகவோ குழாய்கள் வழியாகவோ வந்தது. இருபதாம் நாள் விடியற்காலையில் குழந்தை இறந்தது. அத்தாய் தம் குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கியது, நாங்கள் அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தபோதுதான். மார்பில் வைத்திருந்தால் அக்குழந்தை பிழைத்திருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்தொன்பது நாட்களை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எங்களுக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை.

இனி, எட்டு மணி நேரம் என்ற செய்திக்கு வருவோம். இதைச் சொன்னதும் குடும்பத்தார் முகத்தில் ஒரு திகைப்பு தோன்றும். யார் இவ்வளவு நேரம் உட்கார்வது? எங்கள் அனுபவத்தில் தாய் மறுப்பது அரிது. அவருடைய நேரத்தைத் தின்னுபவை வேறு. மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கிப் போய் வர ஒரு மணி நேரம். வீட்டில் விட்டுவந்த மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தொலைபேசி. பிள்ளையைப் பார்க்க என்று ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த உறவினர் பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியே ஒரே கதையைச் சொல்ல வேண்டியிருத்தல். கணவர் சென்னையில் மளிகைக் கடையில் இருப்பார், அல்லது கப்பலில் இருப்பார். மருந்துச் சீட்டோடு கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் அலைவதும் பல வேளைகளில் அந்தப் பச்சை உடம்புக்காரிதான். இவை எல்லாம் கழிந்து மிஞ்சும் நேரமே குழந்தைக்கு. ஆகவே, இந்தச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பவர் தாய் மட்டுமல்லர். மாமியார், அம்மா, கணவர், நாத்தனார் ஆகிய நீங்கள் எல்லோரும்தான். நீங்கள் ஒரு தூக்குவாளிச் சோற்றைப் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுத்தால், அது குழந்தைக்கு ஒரு மணி நேரச் சிகிச்சை.

சில ஆண்டுகளுக்கு முன் கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. 1,350 கிராம் குழந்தை, சிசேரியன், தாய்க்கு இரத்தச்சோகை வேறு. மாமியார் கருவாட்டு வியாபாரம் செய்பவர். நாங்கள் விளக்கியதை எல்லாம் வாயில் வெற்றிலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். (வெற்றிலையும் புகையிலையும் உள்ளே ஆகாது என்பதை அடுத்துச் சொன்னோம், துப்பிவிட்டு வந்து அமர்ந்தார்.) பிறகு, "அவ ராத்திரி பூரா வச்சிருந்துட்டு விடியக்காலைல ஒறங்கட்டும், நாலு மணிலேருந்து நான் வச்சிக்கிடுதேன்" என்றார். அன்று முதல் விடியல் நான்கு மணிக்குக் குளித்து, வெளுத்த சேலை மாற்றி, நகம் வெட்டிய கைகளை முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்து, பேத்தியை மார்பில் வாங்கிக்கொள்வார். கடலிலிருந்து திரும்பிய மகனை மாலையில் சட்டையைக் கழற்றச் சொல்லி அதட்டி உட்கார வைத்தவரும் அவரே. மூவருமாகச் சேர்ந்து நாளுக்குப் பதினாறு மணி நேரத்துக்கு மேல் அக்குழந்தையைத் தரையிறக்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் 1,850 கிராம் எடையோடு வீட்டுக்குப் போனாள். நாங்கள் இதுவரை தயாரித்த முறைப்பட்டியல்களுள் எதுவும் அந்த அம்மையாருடையதைப் போல் நடைமுறைக்கு ஒத்ததாக அமைந்ததில்லை.

தந்தையர் கூச்சப்படுகிறார்கள். நெஞ்சில் உரோமம் இருக்கிறதே, பிள்ளைக்குக் குத்தாதா என்று கேட்கிறார்கள். குத்தாது. பால் ஒன்றைத் தவிர, தாயின் மார்பு தருவதில் பெரும்பகுதியைத் தந்தையின் மார்பும் தரும். சிசேரியனுக்குப் பின் தாய் மயக்கம் தெளியும் வரையிலான முதல் சில மணி நேரத்துக்கு அவரே மிகவும் தேவைப்படுபவர். தீட்டுக் கழியும் முன் ஆண்கள் தொடக் கூடாது என்று சில வீடுகளில் தடுக்கிறார்கள். உங்கள் நம்பிக்கையை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால் தீட்டுக் கழியும் நாள் வரை குளிர் காத்திருப்பதில்லை.

தாயின் உடம்புச் சூடு பிள்ளைக்கு ஆகாது, பிள்ளைக்கும் சூடு பிடித்துவிடும் என்பது மற்றோர் அச்சம். இக்குழந்தைக்குத் தேவையே அந்தச் சூடுதான். கோடையில் இருவருக்கும் வியர்க்கும் என்பது உண்மை, வியர்க்குருவும் வரலாம். மெல்லிய பருத்தி ஆடை போதும். மின்விசிறிக் காற்று நேரே குழந்தையின் மேல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். இன்னும் ஒன்று, சொல்லத் தயக்கமாகவே இருக்கிறது. பிறந்தது பெண் குழந்தை என்றால் வந்து உட்காரும் கைகள் குறைவதைச் சில குடும்பங்களில் நாங்கள் கண்டிருக்கிறோம். எங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை மணி நேரம் என்று செவிலியர் எழுதி வைக்கிறார்கள். அதைப் புரட்டினால் சில பக்கங்களில் அந்தக் குறைவு எண்ணாகவே தெரிகிறது.

குடும்பத்தாரிடம் இவ்வளவு கேட்கும் நாங்கள், எங்கள் பக்கத்துக் கடமையையும் சொல்லியாக வேண்டும். எட்டு மணி நேரம் மார்பில் வைத்திருங்கள் என்று சொல்லிவிட்டு, உட்கார ஒரு முக்காலியைக் காட்டினால் அது ஏமாற்று. தில்லி ஆய்வின் உண்மையான புதுமை, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் படுக்கை போட்டது. தாயும் நோயாளியே, அவருக்கான மருந்தும் கவனிப்பும் அங்கேயே கிடைத்தன. பச்சிளங்குழந்தைகளுக்குப் புதிதாக எந்தப் பிரிவு கட்டப்பட்டாலும், குழந்தைப் படுக்கை ஒன்றுக்குத் தாய்ப் படுக்கை ஒன்று என்றே அதன் வரைபடம் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. இடமில்லை என்பார்கள். புதிய இயந்திரம் ஒன்று வந்தால் அதற்கு எப்படியும் இடம் கண்டுபிடித்துவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதுபோல், குழந்தை தீவிர சிகிச்சையில் இருக்கும் நாட்களில் தாயின் படுக்கைக்கோ சாய்வு நாற்காலிக்கோ தனிக்கட்டணம் வாங்கலாகாது. மருந்தை ஊசிக்குழாயில் ஏற்றிவிட்டு ஊசிக்குழாய்க்கு வாடகை கேட்பது போன்றது அது. மறைவுக்குத் திரை வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் திறக்கும் கதவு வேண்டும். பக்கத்தில் கழிப்பறை வேண்டும். இவை இல்லாத இடத்தில், தாய் ஒத்துழைக்கவில்லை என்று எந்த மருத்துவரும் கேஸ் ஷீட்டில் எழுதுவதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

எல்லாக் குழந்தைக்கும் எல்லா நேரத்திலும் இது இயலும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். தானாக மூச்சுவிட இயலாத குழந்தைகளை அந்த ஐந்து நாட்டு ஆய்விலும் சேர்க்கவில்லை. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவை, வலிப்பு வந்தவை, உடனடி அறுவை தேவைப்படுபவை ஆகிய குழந்தைகளுக்கு எப்போது தொடங்குவது என்பதை ஒவ்வொரு நாளும் பார்த்து முடிவு செய்கிறோம். மூக்கில் காற்றழுத்தக் குழாய் பொருத்திய குழந்தையையும், சொட்டு மருந்து ஏறும் குழந்தையையும், உடனிருந்து கண்காணித்து மார்பில் வைக்க முடியும். வயர்களைக் கண்டு அஞ்ச வேண்டாம். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் இருக்கும் நேரம் மட்டும் இடைவெளி விழும். சளி, காய்ச்சல், தோலில் புண் இருப்பவர் அந்த நாட்களில் வேறொருவருக்கு இடம் கொடுக்க வேண்டும். இன்குபேட்டரும் வார்மரும் தேவையில்லை என்று யாரும் பொருள்கொள்ள வேண்டாம். அவை இல்லாமல் எங்களால் ஒரு நாளும் இந்தப் பிரிவை நடத்த முடியாது.

செய்முறை எளிது. குழந்தைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும். சாய்ந்து அமர்ந்த தாயின் மார்புகளுக்கு இடையே நிமிர்ந்த நிலையில், தவளை போல் கைகால் மடங்கியிருக்க, வயிறு தாயின் உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். தலை ஒருபக்கம் திரும்பி, மோவாய் சற்று உயர்ந்து, மூக்கும் வாயும் எந்நேரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கழுத்து முன்னே மடிந்தால் மூச்சு அடைபடும். இதில் மட்டும் கவனக்குறைவு கூடாது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். நம் குறைமாதப் பிள்ளைக்கு அந்தப் பிடி இல்லை. எனவே குழந்தையின் காதளவு உயரம் வரை துணியால் சுற்றிக் கட்டுகிறோம். ஒருமுறை வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அடிக்கடி எடுத்து எடுத்து வைப்பது குழந்தையைச் சோர்வடையச் செய்யும். உறிஞ்சிக் குடிக்கும் திறம் பொதுவாக 34 வாரத்தையொட்டித்தான் வரும். அதுவரை, சீம்பாலையும் தாய்ப்பாலையும் பிழிந்து குழாய் வழியாகவோ பாலாடையிலோ கொடுக்கிறோம். சங்கு விளையும் நம் கடற்கரையில் பால் புகட்டும் சங்கைத் தெரியாதவர் இல்லை. பாலாடை என்னும் நம் வீட்டுச் சொல் ஆங்கில மருத்துவ ஏடுகளிலும் அப்படியே வழங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனதோடு இது முடிவதில்லை. ஹரியானா மாநிலத்தில், வீடுகளில் 8,402 எடை குறைந்த குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. வீட்டிலேயே இவ்வாறு மார்பில் வைத்துப் பராமரிக்கக் கற்றுக்கொண்ட குடும்பங்களில், முதல் 28 நாட்களுக்குள் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அங்கே இன்குபேட்டரும் இல்லை, மருத்துவரும் உடன் இல்லை. பயிற்சி பெற்ற பணியாளர் அவ்வப்போது வந்து பார்த்துப் போனார், அவ்வளவே. குழந்தை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது தானே நெளிந்து, காலை உதைத்து, வெளியே வரப் பார்க்கும். நிறுத்தும் நாளை அதுவே அறிவித்துவிடும். அதுவரை குளிப்பாட்டுவதையும் எண்ணெய் தேய்த்து உருவுவதையும் சாம்பிராணிப் புகையையும் எங்களைக் கேட்காமல் தொடங்காதீர்கள். பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு நின்று நின்று வந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, குழந்தையை மார்பிலேயே வைத்தபடி உடனே புறப்படுங்கள். துண்டில் சுற்றி மடியில் கிடத்திக்கொண்டு வராதீர்கள்.

எனவே, இனி எங்கள் பிரிவின் வாசலில் நிற்கும் தாய், உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டியதில்லை. கைகழுவிவிட்டு வரலாம், இரவானாலும் வரலாம், வந்து தங்கலாம். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் வீட்டிலேயே இருக்கட்டும். உடன் வருபவர் கட்டுவதற்கு ஒரு துணி கொண்டுவந்தால் நல்லது. அதற்காகக் கடைக்குப் போக வேண்டாம். தாத்தாவின் பழைய பருத்தி வேட்டி, பலமுறை துவைத்து மெலிந்தது, வெயிலில் நன்றாகக் காய்ந்தது இருந்தால் அதுவே போதும். கஞ்சி மட்டும் போடாதீர்கள்.